கதைப்பதற்கு ஓர் அறை

ஜனவரி 21, 2025, செவ்வாய்

எக்கோ அறிக்கையும் வந்துவிட்டது. இதயம் நன்றாக வேலை செய்கிறதாம். ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, தைரொயிட் எல்லாம் முன்பே சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கார்த்திகையில் அப்பா மாரடைப்பில் போன பிறகு என் நெஞ்சு நினைத்த நேரத்தில் படபடவென்று அடிக்கிறது. கை விறைக்கிறது, மூச்சு மேலேறி நின்றுவிடுகிறது. பஸ்ஸில் வந்திருக்கிறது, கந்தோரில் வந்திருக்கிறது, சலூன் கதிரையில் முகத்தில் சவர்க்கார நுரையோடு இருந்தபோதும் வந்திருக்கிறது. வரும்போதெல்லாம் ஒரே நினைப்புத்தான்: அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது.

தனியார் மருத்துவமனையில் வைத்தியர் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, யோசிக்காமல் இருங்கள்" என்றார். நித்திரைக்குக் குளிசை எழுதித் தந்தார். யோசிக்காமல் இருப்பது எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வாங்கில் என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அவர் கையில் இருந்த அறிக்கைக் கட்டு என்னுடையதைவிடத் தடிப்பாக இருந்தது. அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்தே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று லண்டனிலிருந்து அக்கா எடுத்தார். என் குரலைக் கேட்டதுமே, "தம்பி, உனக்கு வருவது எனக்கும் வந்ததுதான்" என்றார். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவருக்கு மனச்சோர்வும், பதகளிப்பு என்கிற ஓயாத பயமும் பதற்றமும் இருந்திருக்கின்றன. நாங்கள் ஒருவரும் அறியவில்லை.

அங்கே அரச சுகாதார சேவையில் கதைத்துக் குணமாக்கும் சிகிச்சைக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் முன்னின்று வாதாடி, 2008இல் தொடங்க வைத்த திட்டம் அது. குடும்ப வைத்தியரிடம் பதிவு இருந்தால் போதும். அவரிடம் கடிதம் வாங்காமல் நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அக்கா இரவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியிலேயே படிவத்தை நிரப்பியிருக்கிறார். பிறகு அங்கிருந்து அழைத்து விசாரித்தார்கள். தமிழில் கதைக்கவேண்டும் என்று கேட்டதும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்தார்கள். 100 பேர் பதிந்தால் 75 பேருக்கு 6 வாரத்துக்குள்ளும், 95 பேருக்கு 18 வாரத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் தமக்கே வைத்திருக்கும் இலக்கு.

அந்த வசதியில் எனக்கு மிகப் பெரிதாகப்பட்டது, ஒருவரிடமும் காரணம் சொல்லாமல், ஒருவரையும் தாண்டிப் போகாமல் தானாகவே போய்த் தட்டக்கூடிய கதவு. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு கதவு எங்கே?

ஜனவரி 30, வியாழன்

இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

யாழ் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் நெடுங்காலமாக விடுதியும் கிளினிக்கும் நடக்கின்றன. இங்கெல்லாம் காசு கட்டத் தேவையில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை (கவுன்சலிங்) உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள் என்பது, அதே செயலகத்துக்கு மாதாமாதம் போய் வரும் பலருக்கே தெரியாது. சாந்திகம் என்ற நிறுவனம் போர்க் காலத்திலிருந்தே இங்கு உளவளத்துணை செய்து வருகிறது. நேரில் போக முடியாதவர்களுக்கு 1926 என்ற இலக்கம் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் அந்த இணைப்பு இரவு பகலாக இயங்குகிறது.

இவ்வளவும் இருந்தும் ஏன் போகவில்லை என்று ஒருவரையும் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் மனநோய்ச் சட்டம் இன்னும் 1873ஆம் ஆண்டில் எழுதப்பட்டதுதான். மந்திகை, அங்கொடை என்ற ஊர்ப்பெயர்களையே ஏச்சாகப் பாவித்து வளர்ந்தவர்கள் நாங்கள். விசர் வந்தவர்கள் போகும் இடம், அங்கே போனால் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச முடியாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. நித்திரை வராதவனுக்கும் நெஞ்சு படபடப்பவளுக்கும் அது உரிய இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "நானும் வருகிறேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

போனோம். எந்த வைத்தியசாலை என்று எழுதப்போவதில்லை. அங்கு வந்து குந்தியிருப்பவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருக்குத் தெரிந்தவர்கள்.

வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, அங்கிருந்து உளநலக் கிளினிக். கொப்பியில் பெயர், விலாசம், கிராம சேவையாளர் பிரிவு. பிறகு பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனவர்களைப் பார்த்தபோது நெஞ்சு வலித்தது. பெயருக்குப் பதிலாக இலக்கத்தைக் கூப்பிட்டால் செலவு ஒன்றும் இல்லை. அதை யாராவது செய்யவேண்டும்.

உள்ளே இருந்த வைத்தியர் இளையவர். தமிழில் அச்சிட்ட வினாத்தாள் ஒன்றைத் தந்தார். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் நித்திரை குழம்பியது, எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு எப்படி என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, கூடியது 27. பதகளிப்புக்கு வேறாக ஏழு கேள்விகள், கூடியது 21. முதலாவது தாளின் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்று தோன்றியதா என்பது. சாப்பாட்டைப் பற்றி எந்தக் குரலில் கேட்டாரோ அதே குரலில் அதையும் கேட்டார். இல்லை என்றேன். ஆம் என்று சொல்ல வேண்டியிருந்தாலும் அந்தக் குரலுக்குச் சொல்லியிருப்பேன்.

"குளிசை வேண்டுமா, கதைக்க வேண்டுமா?" என்று கேட்டார். இரண்டும் சேர்ந்தும் சிலருக்குத் தேவைப்படும், உங்களுக்கு முதலில் கதைத்துப் பார்க்கலாம் என்றார். இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

உளவளத்துணையாளர் ஒரு பெண். என்னைவிட வயது குறைந்தவர். "இங்கே சொல்வது இங்கேயே இருக்கும், ஐயா. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டி வரும்" என்று தொடங்கினார். முன்கூட்டியே அதைச் சொன்னது பிடித்தது.

கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். திங்கட்கிழமை பஸ்ஸில் என்றேன். என்ன நடந்தது என்பதை விநாடி விநாடியாகச் சொல்ல வைத்தார். எந்த இருக்கை, யார் பக்கத்தில், முதலில் என்ன தெரிந்தது, அப்போது மனதில் என்ன வசனம் ஓடியது. நான் சொல்லச் சொல்ல ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தார். முடிந்ததும் தாளைத் திருப்பிக் காட்டினார். நெஞ்சு படபடக்கிறது. 'மாரடைப்பு' என்று நினைக்கிறேன். பயம் ஏறுகிறது. பயத்தால் படபடப்பு கூடுகிறது. கூடிய படபடப்பு, மாரடைப்புத்தான் என்று இன்னும் உறுதியாக நம்ப வைக்கிறது. ஒரு வட்டம்.

வட்டத்துக்கு வெளியே சின்ன எழுத்தில் வேறு சிலவற்றையும் எழுதியிருந்தார்: சட்டைப் பையில் குளிசை, கையில் சோடாப் போத்தல், கதவுக்குப் பக்கத்து இருக்கை, நாடி பிடித்துப் பார்ப்பது. "இவை உங்களைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். இவை இருப்பதால்தான், இவை இல்லாமலும் ஒன்றும் நடக்காது என்பதை நீங்கள் அறிய முடியாமல் இருக்கிறது" என்றார்.

இரவு அக்காவுக்குத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் வாசித்துத் தேடிவிட்டுச் சொன்னார்: 1986இல் இந்த வட்டத்தை விளக்கி எழுதியவர் டேவிட் கிளார்க். அங்கே திட்டத்துக்காக வாதாடிய அதே மனிதர்.

பெப்ரவரி 27, வியாழன்

இன்று உளவளத்துணையாளர் என்னை வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் சொன்னார். அவரும் என்னோடு சேர்ந்து விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலை சுற்றியது, விரல் நுனி விறைத்தது, நெஞ்சு அடித்தது. பஸ்ஸில் வருவது அப்படியே வந்தது. நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் தணிந்தது. "மாரடைப்பை ஒருவர் வேகமாக மூச்சுவிட்டு வரவழைத்து, இருந்த இடத்திலேயே நிறுத்த முடியுமா?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காகவே நான் எக்கோவுக்குக் கொடுத்த காசை இங்கே கொடுத்திருக்கலாம். இங்கே காசும் இல்லை.

இதய நோய் இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியைச் செய்யக்கூடாது. எனக்கு முதலே பரிசோதனைகள் முடிந்திருந்தன.

பழைய முறைகளையும் அவர் தள்ளிவிடவில்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் நடந்த காலத்தில் இங்கேயே இருந்து, செபம், மந்திரம், யோகாசனம் என்று எங்கள் சனம் ஏற்கெனவே அறிந்தவற்றைச் சாந்த வழிமுறைகளாகக் கற்பித்தார்கள். அம்மா காலையில் சொல்லும் சிவபுராணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அதை நிறுத்தவேண்டாம், நீங்களும் கூட இருந்து சொல்லுங்கள். படபடப்பை ஓட்டுவதற்காக மட்டும் சொல்லாதீர்கள்" என்றார்.

வீட்டுப்பாடம்: குளிசை மட்டையை வீட்டில் வைத்துவிட்டு, நடு இருக்கையில் இருந்து, பருத்தித்துறை வரை பஸ்ஸில் போய்வருவது. முன்பும் பின்பும் பயத்துக்கு 100க்கு எத்தனை என்று எழுதுவது.

மார்ச் 9, ஞாயிறு

750 பஸ். நடு இருக்கை, யன்னல் பக்கம் இல்லை. பக்கத்தில் தூங்கி வழிந்த ஒரு பெடியன். ஏறும்போது 70 என்று துண்டில் எழுதினேன். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் எல்லாம் பரவாயில்லை; சந்திக்குச் சந்தி கடையும் மருந்தகமும் கண்ணில் படுகின்றன. ஆவரங்கால் தாண்டி வல்லை வெளி வந்தது. வீடு இல்லை, மரம் இல்லை, இரண்டு பக்கமும் உவர்த் தரையும் தண்ணீரும் காற்றும்தான். இங்கே விழுந்தால் யார் தூக்குவார்கள் என்ற வசனம் வந்தது. அதன் பின்னாலேயே படபடப்பும் வந்தது. கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. பை வெறுமையாக இருந்தது. 90.

இறங்கவில்லை. நாடி பிடிக்கவில்லை. அடிக்கட்டும் என்று விட்டேன். அடித்தது. நடத்துநர் மிச்சக் காசு தர வந்தார், வாங்கினேன். நெல்லியடிச் சந்தியில் பஸ் நின்று ஒரு கூட்டம் ஏறியபோது பார்த்தேன், 40. இத்தனைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. மந்திகையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு வயோதிபர் இறங்கக் கஷ்டப்பட்டார். எழுந்து போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

பருத்தித்துறையில் தேநீர் குடித்து, வடை வாங்கிக்கொண்டு திரும்பினேன். திரும்பும்போது வல்லையில் 50.

மார்ச் 20, வியாழன்

இன்று அப்பாவைப் பற்றிக் கதைத்தேன். அவர் விழுந்த இரவு, ஓட்டோ கிடைக்காமல் நின்றது, வாசலில் கிடந்த அவருடைய செருப்பு. இடம்பெயர்வைப் பற்றியும் கதைக்க வேண்டுமா என்று முன்பே கேட்டிருந்தார். 1995 ஒக்டோபரில் நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நின்றபோது எனக்குப் பதினெட்டு வயது. இப்போது வேண்டாம் என்றேன், வற்புறுத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மனம் சோர்ந்தால் எல்லோரும் உடனே போரைத்தான் தேடுகிறார்கள். எனக்கு அப்பா வேண்டும். அவ்வளவுதான்.

அழுதுகொண்டிருந்தபோது கதவு திறந்தது. யாரோ கொப்பி அலமாரியைத் தேடி வந்தார், எடுத்தார், போனார். சற்று நேரத்தில் இன்னொருவர். அறையை இரண்டு பிரிவுகள் பங்கு போட்டுப் பாவிக்கின்றன. அலமாரி வைக்க வேறு இடம் இல்லை. உளவளத்துணையாளர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்கவேண்டிய மன்னிப்பு அல்ல அது.

சத்திரசிகிச்சைக்கூடத்தின் கதவை இப்படி ஒருவரும் திறப்பதில்லை. இதுவும் சிகிச்சை. ஒரு மேசை, இரண்டு கதிரை, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு. இதற்கு வேண்டிய உபகரணம் அவ்வளவுதான், அதைக்கூடக் கொடுக்காமல் இருப்பது பொறுக்க முடியாத விடயம். பணிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், என் பெயரையும் விலாசத்தையும் போட்டு.

ஏப்ரல் 3, வியாழன்

இப்போதெல்லாம் சந்திப்புகளுக்கு இடையில் நாள் கூடுதலாக விடுகிறார்கள். படபடப்பு வருகிறது, வந்தால் வேலையை நிறுத்துவதில்லை. நித்திரை இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. அதைப் பற்றி அடுத்த முறை கதைக்க வேண்டும் என்று கொப்பியில் குறித்திருக்கிறேன்.

மத்தியானம் கந்தோரில் ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர். மகன் கனடா போனதிலிருந்து வயிறு எரிகிறது, விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது, எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றும் இல்லையாம். "தம்பி, நீர் எழுதுவதை வாசித்தேன். துண்டை எங்கே எடுப்பது?" என்று கேட்டார். எந்தக் கரும பீடம், எத்தனை மணிக்கு முன் போகவேண்டும், பழைய அறிக்கைகளைக் கொண்டுபோகவேண்டும், 'கதைக்க வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது என்றார்.

வரும் செவ்வாய் நானும் கூடப் போகிறேன். இருவரும் அரை நாள் லீவு போட்டாகிவிட்டது.