ஞாயிறு மாலை ஆறரை மணி

ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ‘சசாயே-சான்’ வரும். 1969 அக்டோபர் 5-ஆம் தேதி தொடங்கிய கார்ட்டூன் தொடர். இன்றைக்கும் அதே கிழமை, அதே நேரம். உலகிலேயே மிக நீண்ட காலமாக ஓடும் கார்ட்டூன் தொடர் என்று 2013-ல் கின்னஸ் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லாரும் பேசும் அமெரிக்க சிம்ப்சன்ஸ் குடும்பம் 1989-ல் தன் முதல் முழு எபிசோடோடு வந்தபோது, சசாயே வீட்டில் இருபது வருடம் ஓடியிருந்தது.

நான் டோக்கியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஞாயிறு மாலை ட்யூட்டி என்றால் இரவுச் சாப்பாடு முடிந்து, மாத்திரை கொடுத்து, தட்டுகளை எடுத்துவிட்டு, ஆறே காலுக்குள் சக்கர நாற்காலிகளை டிவி பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் தாமதமானால் தாத்தா பாட்டிகள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்தத் தொடரை நான் பார்க்கக் கற்றுக்கொண்டது அவர்களோடு உட்கார்ந்துதான். ஆரம்பத்தில் டிவியை விட அவர்கள் முகங்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அரை மணி நேரத்தில் மூன்று குட்டிக் கதைகள். டோக்கியோவில் ஓர் ஓட்டு வீடு, அதில் ஏழு பேர், தாமா என்று ஒரு வெள்ளைப் பூனை. வீட்டின் மூத்த பெண் சசாயே, வயது 24, அவசரக்காரி. கணவன் மசுவோ மாமனார் வீட்டோடு இருக்கிறான். மகன் தாரா-சானுக்கு மூன்று வயது. சசாயேயின் தம்பி கட்சுவோ ஐந்தாம் வகுப்பு, தங்கை வகாமே மூன்றாம் வகுப்பு. அப்பா நமிஹேய், அம்மா ஃபூனே. எல்லாருக்கும் கடல் சம்பந்தப்பட்ட பெயர்கள்தான். கட்சுவோ என்றால் சூரை மீன், ஃபூனே என்றால் படகு. கட்சுவோ மதிப்பெண் குறைந்த விடைத்தாளை ஒளித்து வைப்பான், அப்பா கண்டுபிடிப்பார், திட்டு விழும். மசுவோவும் மாமனாரும் ஆபீஸ் முடிந்து வழியில் சந்தித்து, ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அசடு வழிவார்கள். மிகாவயா கடைப் பையன் சாபு சமையலறைப் பின்வாசலில் வந்து நின்று ஆர்டர் கேட்பான். வீட்டில் கறுப்பு டயல் போன். செல்போன் யார் கையிலும் கிடையாது.

யாருக்கும் வயது ஏறாது. ஆனால் காலண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே செர்ரி பூத்தால் அங்கேயும் பூக்கும். மழைக்காலம் வந்தால் வராண்டாவில் துணி காயாமல் ஃபூனே கவலைப்படுவாள். புத்தாண்டு, முன்னோர்களை நினைக்கும் ஒபோன் பண்டிகை, நிலாப் பார்க்கும் இரவு எல்லாம் முறை தவறாமல் வரும். எங்கள் இல்லத்தில் சிலருக்கு இது எந்த மாதம் என்பது நினைவில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை சசாயே வீட்டில் விசிறியைப் பார்த்துவிட்டு, “ஓ, கோடை வந்துவிட்டதா” என்பார்கள். நினைவுப் பயிற்சி என்று நாங்கள் அட்டைகளை வைத்துச் செய்வதை விட இது நன்றாகவே வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

நமிஹேய் கோபம் வந்தால் “பாக்காமோன்!” என்று கத்துவார். முட்டாப்பயலே என்பது மாதிரி. எங்களிடம் ஒரு தாத்தா இருக்கிறார், வாரம் முழுக்க அவர் பேசுவதே அபூர்வம். கட்சுவோ மாட்டிக்கொள்ளும் கட்டம் வரும்போது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். நமிஹேய் வாயைத் திறக்கும் அதே நொடியில் இவரும் “பாக்காமோன்!” என்று ஹால் அதிரக் கத்துவார். சுற்றி எல்லாரும் சிரிப்பார்கள், அவரும்தான். பார்த்த வேலை என்ன, குடும்பம் என்ன என்பதெல்லாம் அவர் ஃபைலில் இருக்கிறது. ஆனால் அவர் எப்படிப்பட்ட அப்பாவாக இருந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் குரலில்தான்.

கடைசியில் அடுத்த வார முன்னோட்டம் வரும். அது முடிந்ததும் சசாயே நம்மைப் பார்த்து ‘ஜான் கென் பொன்’ ஆடுவாள். கல், கத்தரி, காகிதம் விளையாட்டுதான். 1991 முதல் இது உண்டு. அதற்கு முன்னால், ஏதாவது தின்பண்டத்தை மேலே தூக்கிப் போட்டு வாயில் பிடித்து, தொண்டையில் சிக்கினது போல் விழிப்பாளாம். குழந்தைகள் பார்த்துச் செய்தால் ஆபத்து என்று மாற்றிவிட்டார்கள். இந்த விளையாட்டில் அவள் எந்த வாரம் எதைக் காட்டினாள் என்று ஆரம்பத்திலிருந்தே குறித்து வைத்து, அடுத்த வாரம் என்ன வரும் என்று கணித்துச் சொல்கிற ரசிகர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். முப்பது வருடக் கணக்கு! பரிசு கிடையாது, பணம் கிடையாது. நான் முதலில் கேள்விப்பட்டபோதே எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. ஒரு விஷயத்தை நேசிக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பொறுமை வரும்.

எங்கள் பாட்டி ஒருவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை விரல்கள் முழுதாக விரிவதில்லை. இடது கையால் ஆடலாமே என்று சொல்லிப் பார்த்தோம், மாட்டேன் என்றுவிட்டார். வலது கையைத்தான் தூக்குவார், மூடிய கை என்பதால் எப்போதும் கல். சசாயே கத்தரி காட்டும் வாரம் அவர் ஜெயிப்பார். காகிதம் வந்தால் தோற்றுவிட்டு, “அவளுக்கு என் ரகசியம் தெரிந்துவிட்டதம்மா” என்பார். அந்தக் கையைத் தோள் வரை தூக்குவது அவருக்குச் சுலபமான காரியமில்லை. பிசியோதெரபிஸ்ட் கேட்டால் வலிக்கிறது என்பார். சசாயே கேட்டால் தூக்கிவிடுவார்.

சரி, நான் எழுத உட்கார்ந்ததே குரல்களைப் பற்றிச் சொல்லத்தான்.

படத்தில் இருப்பவர்களுக்கு வயதாகாது. குரல் கொடுப்பவர்களுக்கு ஆகும். நமிஹேய்க்கு முதல் நாளிலிருந்து குரல் கொடுத்தவர் நாகாய் இச்சிரோ. 2014 ஜனவரியில், வேலையாக ஹிரோஷிமா போன இடத்தில் ஹோட்டல் அறையில் இறந்துபோனார். வயது 82. முன்பே பதிவு செய்திருந்த எபிசோடுகள் அதற்குப் பிறகும் சில வாரம் வந்தன. இறந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை வந்து பையனைத் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு சாஃபூரின் என்ற நடிகர் அந்த இடத்துக்கு வந்தார். அம்மா ஃபூனேக்குக் குரலாக இருந்த அசோ மியோகோ 2015-ல் ஓய்வு பெற்றார். மசுவோவுக்குக் குரல் கொடுத்த மசுவோகா ஹிரோஷி 2019-ல் விலகி, அடுத்த வருடம் காலமானார். 2023 பிப்ரவரியில் சசுகா தகாகோ போய்விட்டார், 87 வயதில். மூன்று வயதுத் தாரா-சானின் குரல் அவருடையது. 1969-லிருந்து ஐம்பது வருடங்களுக்கு மேல் அவர் மூன்று வயதிலேயே இருந்தார்!

அன்றைக்கு இருந்த முக்கியக் குரல்களில் இப்போது மிச்சம் ஒருவர்தான், சசாயேவுக்குப் பேசும் கத்தோ மிடோரி. 1939-ல் பிறந்தவர். 24 வயதுப் பெண்ணாக இன்னமும் வந்து சிரிக்கிறார்.

தாரா-சான் குரல் மாறிய சமயத்தில் ஒன்று நடந்தது. எங்களிடம் ஒரு பாட்டிக்குக் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. டிவி முன்னால் உட்கார்ந்து கேட்பார், அவ்வளவுதான். குரல் நடிகை இறந்த செய்தியை யாரும் அவரிடம் சொல்லவில்லை. புதிய நடிகை பழைய குரலை ஒட்டித்தான் பேசினார். எனக்குச் சொன்னால்கூட வித்தியாசம் தெரிந்திருக்காது. தாரா-சான் இரண்டு வாக்கியம் பேசியதும் பாட்டி தலையைச் சாய்த்தார். “குழந்தை மாறிவிட்டது.” அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது கதை ஓடும்போது, “இவளும் நல்லவளாகத்தான் இருக்கிறாள். பழகட்டும்” என்றார். புதிதாக வந்திருக்கும் மருமகளைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

இந்தத் தொடரின் ரசிகர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சுற்றுகிறவர்கள் இல்லை. பெரும்பாலானவர்களிடம் நீங்கள் சசாயே ரசிகரா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார்கள். ஆனால் ஏதாவது ஒன்று பிசகினால் போதும், உடனே தெரிந்துவிடும். 2020 ஏப்ரல் கடைசியில், கரோனாவால் எல்லாரும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லியிருந்த நேரம், கோல்டன் வீக் விடுமுறைக்கு வெளியே சுற்றுவதைப் பற்றிய ஓர் எபிசோடு வந்தது. இந்த நேரத்தில் ஊர் சுற்றலாமா என்று இணையத்தில் சிலர் கோபப்பட்டார்கள். கார்ட்டூனுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று செய்திகளில் கேலியாகப் பேசினார்கள். எனக்குக் கேலியாகப் படவில்லை. அப்போது எங்கள் இல்லத்துக்குப் பிள்ளைகள் யாரும் வந்து பார்க்க அனுமதி இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போவார்கள். தெரு முழுக்க அடங்கிக் கிடக்கும்போது எதிர்வீட்டுக்காரர்கள் மட்டும் கிளம்பிப் போனால் எப்படி இருக்கும், அந்தக் கோபம் அது. எதிர்வீட்டுக்காரர்களாக நினைத்ததால் வந்த கோபம். மே மாதம் குரல் பதிவு நின்று பழைய எபிசோடுகளைப் போட்டார்கள். 1975-க்குப் பிறகு ஞாயிறு மாலை நேரத்தில் மறுஒளிபரப்பு அதுதான் முதல் தடவை. மறுபடி புதிய எபிசோடு வந்த ஞாயிறு ஹாலில் கைதட்டினார்கள்.

இளைஞர்களுக்கு இதே தொடர் வேறு மாதிரி. சசாயே முடிந்தால் ஞாயிறு முடிந்தது, நாளை திங்கட்கிழமை என்று வயிற்றைப் பிசையுமாம். ‘சசாயே-சான் நோய்’ என்றே அதற்குப் பெயர். என்னோடு வேலை செய்யும் பையன் முடிவுப் பாட்டைக் கேட்டாலே முகம் வாடிவிடுவான். இன்னும் சிலர், எனக்குச் சசாயே வயது தாண்டிவிட்டது, மசுவோ வயதும் தாண்டிவிட்டது என்று கணக்குப் போடுகிறார்கள். நமிஹேய்க்கு 54 தான் என்று தெரியவரும்போது பலருக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. கிமோனோவும் வழுக்கையுமாக எழுபது மாதிரி இருப்பார்.

இந்த வீட்டில் பெண்கள்தான் எப்போதும் சமையலறையில் இருக்கிறார்கள், காலம் மாறிவிட்டது என்ற விமர்சனமும் உண்டு. அது நியாயமானது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் மூலச் சித்திரக்கதையைப் படிக்கச் சொல்வேன். ஹசெகாவா மச்சிகோ அதை வரையத் தொடங்கியது 1946 ஏப்ரலில், ஃபுகுவோகாவில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்காக. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான்கு கட்டத்தில் ரேஷன், பற்றாக்குறை, கிழிந்த துணி எல்லாம் வரும். அந்தச் சசாயே இன்னும் துடுக்கானவள். வாய் பேசுவாள், ஆண்களிடம் மல்லுக்கு நிற்பாள். எனக்கு டிவி சசாயேவை விட அவளைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். ஹசெகாவா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவோடு சேர்ந்து சொந்தமாகப் பதிப்பகம் நடத்தி, தன் புத்தகங்களைத் தானே வெளியிட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண் செய்த காரியம் இது. 1992-ல் அவர் காலமான பிறகும் வாரா வாரம் கதை நிற்கவில்லை.

அவர் வாழ்ந்த சகுராஷின்மச்சி டோக்கியோவின் செத்தகாயா பகுதியில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கினால் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். வழியில் சசாயே குடும்பத்தின் வெண்கலச் சிலைகள், 2012-ல் வைத்தது. நமிஹேயின் உச்சந்தலையில் ஒரே ஒரு முடி உண்டு, தெரியுமல்லவா. சிலையிலும் அதை வைத்திருந்தார்கள். வைத்த சில மாதங்களில் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி நட்டார்கள், அதுவும் போனது. கடைக்காரர்கள் விடாமல் திரும்பத் திரும்ப நட்டார்கள். நான் போன அன்று முடி இருந்தது. ஒரு பெரியவர் பேரனைத் தூக்கிப் பிடித்து அதைக் காட்டிக்கொண்டிருந்தார். “பார்க்கலாம், தொடக் கூடாது” என்று மூன்று தடவை சொன்னார்.