ஆர்கன் டிப்ளமோவுக்குப் படிக்கிறவர்களுக்கு: கொயரோடு சேர்ந்தே தயாராகுங்கள்

ஏ.ஆர்.சி.ஓ. எனும் ஆர்கன் டிப்ளமோ தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, இசையமைப்பாளர் பாக் எழுதியதில் எதை எடுக்கலாம் என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: தேர்வு முடிந்து ஓர் ஆலயத்தில் சேர்ந்தால் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்? இங்கிலாந்திலும் சரி, நம்மூரிலும் சரி, ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பவரே கொயரையும், அதாவது பாடகர் குழுவையும், நடத்த வேண்டிய ஆலயங்கள் நிறைய.

1864-இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் நடத்தும் இந்த ஏ.ஆர்.சி.ஓ. தேர்வு இந்த வேலைக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. தயாரித்த உருப்படிகள் அதில் ஒரு பங்குதான். பார்த்தவுடன் வாசித்தல், சுருதி மாற்றி வாசித்தல், ஸ்கோர் வாசித்தல் எல்லாம் உண்டு. ஹார்மனி (சுரங்களை ஒன்றாக இசைப்பது), கவுண்டர்பாயின்ட் (தனித்தனி மெட்டுகளைப் பின்னுவது) பற்றிய எழுத்துத் தேர்வும் இருக்கிறது. உருப்படிகளைப் பிரமாதமாக வாசிப்பவர்கள்கூடத் திணறுவது இந்தப் பகுதிகளில்தான்.

ஸ்கோர் வாசிப்பில் கொயரின் நான்கு குரல்களும் (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்) தனித்தனி வரியில் இருக்கும். டெனர் வரியைப் பெரும்பாலும் உயர்ந்த சுரங்களுக்கான ட்ரெபிள் க்ளெஃப் குறியில் எழுதியிருப்பார்கள், ஆனால் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே வாசிக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்த பயிற்சி இதுதான்: மூன்று குரல்களை வாசித்துக்கொண்டே நான்காவதை வாயால் பாடுவது. ஒவ்வொரு நாளும் பாடும் குரலை மாற்றுங்கள். உங்களுக்குப் பழக்கமே இல்லாத குரலில் தொடங்குங்கள். இந்தப் பழக்கத்தின் பலன் தேர்வோடு நிற்காது. கொயர் பயிற்சியில் ஆல்டோ எங்கே தடம் மாறுகிறது என்பது, நிறுத்திக் கேட்காமலே உங்கள் காதில் விழும்.

சுருதி மாற்றுவதில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் டானிக் சோல்ஃபா (சுரங்களை டோ, ரே, மீ என எழுதும் முறை) பார்த்துப் பாடி வளர்ந்தவர்களுக்கு, கீ (சுருதி) மாறினால் 'டோ'வும் கூடவே நகரும் என்பது இயல்பாகவே பிடிபட்டிருக்கும். ஒரு பாமாலை (சபைப் பாட்டு) ராகத்தை எடுத்து, பேஸ் வரியை மட்டும் புதிய கீயில் பெடலில், அதாவது காலால் வாசிக்கும் கட்டைகளில், வாசியுங்கள். அப்புறம் சோப்ரானோவைச் சேருங்கள், உள்குரல்கள் கடைசியில். குளிர்காலக் காலை ஆராதனையில் சபையாருக்கு உயர்ந்த சுரங்கள் எட்டாதபோது அரைச் சுரம் இறக்கி வாசிக்க வேண்டிவரும், அப்போது இந்தப் பயிற்சி உதவும்.

இனி சபையையும் கொயரையும் நடத்துவது. பியானோ ஒலி தானாக மங்கும். ஆர்கன் குழாய் விரலை எடுக்கும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால் நீங்கள் விரலை எடுக்கும் நேரமே சபைக்கு மூச்சு வாங்கும் சைகை. சரணங்களுக்கு நடுவே விடும் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கட்டும், யாரும் தயங்காமல் சேர்ந்து தொடங்குவார்கள். கொயருக்குக் கை காட்டி நடத்த வேறு கண்டக்டர் இல்லையென்றால், இடது கையின் சுரங்களில் எவற்றைப் பெடலிடம் விடலாம் என்று முன்பே குறித்துவையுங்கள். ஒவ்வொரு குரலும் பாடத் தொடங்கும் இடத்தைக் காட்ட ஒரு கை விடுபடும்.

குழாய்கள் தூரத்தில் இருக்கும் பெரிய ஆலயங்களில் இன்னொரு சிக்கல். ஒலி 34 மீட்டர் கடக்கவே சுமார் பத்தில் ஒரு நொடி ஆகும். காதில் விழுவதற்காகக் காத்திருந்தால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். காதைவிட உங்கள் விரல்களின் தாளத்தை நம்புங்கள்.

இங்கிலாந்தின் ஆர்கனிஸ்டும் கொயர் கண்டக்டருமான டேவிட் வில்காக்ஸின் பாதையைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் ஆர்கன் மாணவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் சாலிஸ்பரி, 1950-இல் வூஸ்டர் பேராலயங்களின் ஆர்கனிஸ்ட். 1957-இல் கிங்ஸ் கொயருக்கே பொறுப்பு. 1960 முதல் 1998 வரை லண்டன் பாக் கொயரின் கண்டக்டர். ஆர்கன் பெஞ்சில் தொடங்கி அவ்வளவு பெரிய கண்டக்டர் ஆனவர் அவர். இந்த வேலையை நான் நேசிப்பதற்கு அவர் ஒரு காரணம்.

வருமானம் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில்கூடப் பல ஆலயப் பணிகள் பகுதிநேரம்தான். நம்மூர் சபைகளில் கிடைப்பது சிறு காணிக்கை அளவுதான். பாடம் எடுப்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

நம்மூரில் குழாய் ஆர்கன் கிடைப்பது அரிது. பெடல் பலகையுள்ள டிஜிட்டல் ஆர்கன் எந்த ஆலயத்தில் இருக்கிறது என்று விசாரித்து, வாரநாளில் பயிற்சிக்கு ஆயரிடம் அனுமதி கேளுங்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் வழியாக வருகிறவர்கள் ஐந்தாம் கிரேடு தியரியைச் சீக்கிரமே முடித்துவிடுங்கள், அதுவோ அதற்கு இணையாக அவர்கள் ஏற்கும் தேர்வோ இல்லாமல் ஆறாம் கிரேடு பிராக்டிகலுக்குப் போக முடியாது. கூடவே, அடுத்த பயிற்சியில் ஒரே ஒரு பாமாலையை நடத்தித் தரட்டுமா என்று உங்கள் கொயர் மாஸ்டரிடம் கேளுங்கள்.