வியாழன் உருகின கதை: டி.எல்.எம் செய்யப் போய் நான் பட்ட பாடு

அஞ்சாம் கிளாசுக்கு சூரியக் குடும்பம் நடத்தணும், வட்டார அளவுல டி.எல்.எம் (பாடம் நடத்தறதுக்கான கற்பித்தல் துணைக்கருவி) கண்காட்சியும் வருது, ஒரே வேலையா முடிச்சிடலாம்னு இறங்கினேன். மூணு ஞாயித்துக்கிழமை காலி.

முதல்ல கடையில ரெடிமேட் சார்ட். சுருட்டிக் கொடுத்ததை வீட்டுல வந்து விரிச்சா ஒன்பது கோள் இருக்கு. புளூட்டோவை 2006லயே குறுங்கோள்னு ஒதுக்கி வச்சாச்சு, திருப்பிக் கொண்டு போனா கடைக்காரர் "ஒண்ணு அதிகமா தானே டீச்சர் இருக்கு"ங்கிறார்.

சரி, ஃப்ளெக்ஸ் அடிப்போம்னு போனா நான் யூனிகோட்ல அடிச்சது ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வந்துது, பரவாயில்ல நானே அடிச்சுத் தரேன்னு அடிச்சார், செவ்வாய் செவ்வாழை ஆயிடுச்சு. பிடிஎஃப்பா கொண்டு போங்க, பிரிண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல எழுத்தெழுத்தா படிங்க.

அடுத்து தெர்மாக்கோல் பந்து. இதுதான் பெரிய அடி. ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்ச கொஞ்ச நேரத்துல வியாழன் குழி விழுந்து உருக ஆரம்பிச்சுது, நான் என்னமோ பந்துதான் மட்டம்னு இன்னொண்ணுக்கும் அடிச்சு அதையும் கெடுத்தேன்! அந்த டப்பால இருக்கிற சால்வென்ட் தெர்மாக்கோலைக் கரைச்சிடுமாம். போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ பிரஷ்ல அடிங்க, போதும்.

கடைசில கைகொடுத்தது கோலிகுண்டும் மிளகும்தான். ஒன்றரை செ.மீ கோலி பூமின்னா, நிலா ஒரு மிளகு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழம். சூரியன் 163 செ.மீ, அதாவது என்னை விட உசரம். ஆணி அடிச்சு 82 செ.மீ கயிறு கட்டி கிளாஸ் வெளிச்சுவர்ல வட்டம் போட்டு மஞ்ச சாக்பீஸ் தேய்ச்சோம். பூமியை எங்க வைக்கணும்? 175 மீட்டர் தள்ளி, எங்க ஊர்ல அது டீக்கடை வாசல். அங்க நின்னு ஒருத்தன் கையை நீட்டி "டீச்சர், சுண்டுவிரல்லயே சூரியன் மறைஞ்சிடுச்சு"ன்னு கத்தினான் பாருங்க, நிஜ சூரியனும் அப்படித்தானே மறையும், பட்ட கஷ்டமெல்லாம் போச்சு. (நிஜத்தை அண்ணாந்து பாத்து சோதிக்க மட்டும் விடாதீங்க, கண்ணு போயிடும்.)

கண்காட்சில கூட்டம் நம்ம மேசைலதான். செலவுப் பணம் கேட்டா ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி பில் வேணும்ங்கிறாங்க. கோலி பெட்டிக்கடைல வாங்கினது. மிளகு எங்க வீட்டு அஞ்சறைப்பெட்டில எடுத்தது, அதுக்கு மாமியார்கிட்டயா பில் கேக்கறது?