டிஸ்சார்ஜ் ஆகி எங்கே போவது?

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்கு எப்படித் தீக்காயம் வருகிறது என்று கேட்பவர்கள், "அடுப்பு வெடிச்சிருக்கும்" என்று பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். அடுப்பும் உண்டுதான், மூன்று செங்கல், கொஞ்சம் அட்டைப்பெட்டி, காற்றில் பறக்கும் முந்தானை. வேறு வழிகளிலும் வருகிறார்கள். கொசுவர்த்திச் சுருளிலிருந்து தலைமாட்டு பிளாஸ்டிக் ஷீட்டில் தீப்பிடிக்கும். வலிப்பு மாத்திரை தீர்ந்துபோனவர் குப்பை எரியும் இடத்தில் விழுந்திருப்பார். சர்க்கரையில் கால் மரத்துப்போனவருக்குச் சித்திரை வெயிலில் தார் ரோடு சுட்டதே தெரிந்திருக்காது.

108 கொண்டுவந்து இறக்கும்போது யாரும் முகவரி கேட்பதில்லை. ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 50' என்று எழுதிவிட்டு வேலையைப் பார்ப்போம். எடை ஒரு கிலோவுக்கு, உடம்பின் பரப்பில் வெந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லி என்று டிரிப்ஸ் கணக்கு. அதில் பாதி, காயம் பட்டதிலிருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்தக் கணக்கில் ஏழை பணக்காரர் கிடையாது. எனக்குப் பிடித்த சமத்துவம் அது.

மறுநாள் ரவுண்ட்ஸில்தான் "கூட யார் இருக்கா?" என்ற கேள்வி வரும். ரத்தத்துக்கு அலைய, பாத்ரூம் கூட்டிப்போக, முட்டையைப் பிய்த்து வாயில் வைக்க ஆள் வேண்டும். தீக்காயம் உடம்பிலுள்ள சதையையே கரைத்துவிடும். வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டால்தான் புண் ஆறும். கைக்கட்டோடு இருப்பவர் முன்னால் தட்டை வைத்துவிட்டுப் போனால் அது அப்படியே கிடக்கும். பெரும்பாலும் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியோ அம்மாவோதான் வந்து ஊட்டுவார்கள். அவர்கள் டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

குப்பை பொறுக்கும் ஓர் அக்கா இருந்தார். வலது கை தோள்வரை வெந்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தது. டிரஸ்ஸிங் மாற்றும்போது ஒட்டிக்கொண்ட காஸ் துணியை சலைன் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புதுத் தோலும் கூடவே வந்துவிடும். அவ்வளவு நேரமும் அவர் கையைப் பார்க்கவே மாட்டார். கட்டிலுக்கடியில் இருக்கும் கோணிப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார். "சீக்கிரம் அனுப்பிடு சிஸ்டர், பாலத்துக்கடியில என் எடத்த வேற எவனாவது புட்ச்சுடுவான்." பாதியில் சொல்லாமல் போய்விடுகிறவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று வார்டில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிளாட்பாரத்தில் இடம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாத பேச்சு அது. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது நின்றதில் வரும் நடுக்கம் வேறு.

புண் ஆறிய பிறகு நாங்கள் சொல்வதெல்லாம் வீடு இருப்பவர்களுக்கான அறிவுரை. தழும்பு தடிக்காமல் இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம், மாதக்கணக்கில் போட வேண்டும். துவைத்து மாற்ற இரண்டு செட் வேண்டும். தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். வெயில் படக் கூடாது. தழும்பு இழுத்து முழங்கை மடங்கிவிடாமல் இருக்க, ராத்திரி அதை நீட்டி ஸ்ப்ளிண்ட் என்கிற பட்டை வைத்துக் கட்டிப் படுக்க வேண்டும். ஒற்றைக் கையால் அதைக் கட்டிக்கொள்ள யாராலும் முடியாது. அந்த அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இத்த எங்க சிஸ்டர் தோய்க்கிறது?"

நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மாநகராட்சிக் காப்பகங்களும் இருக்கின்றன. ஆனால் படுக்க இடம் கிடைப்பது வேறு, கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது வேறு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வீடற்றவர்களுக்கென்றே பார்பரா மெக்கின்னிஸ் ஹவுஸ் என்று ஓர் இடம் இருக்கிறது: ஆஸ்பத்திரியில் வைத்திருக்கத் தேவையில்லை, தெருவுக்கு அனுப்பவும் முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் நர்ஸ்கள் பராமரிப்பில் தங்கித் தேறலாம். நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். ஒரு காப்பகத்தில் ஓர் அறை, ஒரு நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட், துணி துவைக்கத் தண்ணீர். மடங்கி இறுகிப்போன முழங்கையை மறுபடி அறுத்து நீட்டும் ஆபரேஷனுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆபரேஷனுக்கான பட்டியலில் இப்போது அக்காவின் பெயரும் இருக்கிறது. தேதி வந்தால் கூப்பிட, பாலத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரரின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.