சித்தப்பாவின் காப்பித் தோட்டமும் ஒரு முத்திரையும்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் காப்பிக்கொட்டை வறுபடும்போதெல்லாம் எனக்குப் பழனி மலையில் இருக்கிற தாண்டிக்குடி ஞாபகம் வந்துவிடும். சித்தப்பாவுக்கு அங்கே மூன்று ஏக்கர். சில்வர் ஓக் நிழலில் அராபிகா வகைக் காப்பி, மரமெல்லாம் மிளகுக் கொடி.

போன வாரம் அண்ணா நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் விவசாயிக்கு நியாய விலை என்று சொல்லும் ஃபேர்டிரேட் முத்திரை போட்ட வெளிநாட்டுக் காப்பி பாக்கெட்டைப் பார்த்தேன். ராத்திரியே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த முத்திரை இருந்தா நமக்கு என்னம்மா கிடைக்கும்?" என்றார்.

சந்தை எவ்வளவு விழுந்தாலும் ஒரு அடிவிலை உண்டு என்றேன். கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு 2023 முதல் பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 1.80 டாலர். அதற்கு மேல் 20 சென்ட் விவசாயிகள் சங்கத்துக்கு வரும். உலர்களம் போடுவதா, வேறு எதற்காவதா என்று உறுப்பினர்களே கூடி முடிவு செய்யலாம்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. 2001 நினைவுக்கு வந்திருக்கும். அந்த வருஷம் நியூயார்க் சந்தையில் பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. முத்திரைக் காப்பிக்கு அப்போதும் 1.26 டாலர். பறிகூலிக்கே கட்டாது என்று சித்தப்பா கடைசிச் சுற்றுப் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார். பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், பழமெல்லாம் கறுத்துச் சுருங்கிக் கிளையோடு ஒட்டிக் கிடந்தது. சித்தி ஒரு கைப்பிடி உருவி மடியில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

ஆனால் தனி ஆளாக அந்த முத்திரையை வாங்க முடியாது. சிறு விவசாயிகள் சங்கமாகச் சேர வேண்டும், தணிக்கைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டினாலும், பல சங்கங்கள் விளைச்சலில் ஒரு பகுதியைத்தான் அந்த விலைக்கு விற்க முடிகிறது. மீதி சாதாரணச் சந்தைக்குத்தான் போகிறது. கூலிக்குப் பழம் பறிக்கிற பெண்களுக்கு அடிவிலையால் நேராக எதுவும் வந்து சேராது. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துகிறது. பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கிற அந்தக் கைகளால்தானே காப்பிக்கு ருசியே வருகிறது?

2025 தொடக்கத்தில் சந்தை விலை 4 டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் அடிவிலைக்கு வேலையே இல்லை. கையில் உடனே காசு தருகிற வியாபாரியிடம் போகத்தான் யாருக்கும் தோன்றும்.

"அதான்மா, விலை இருக்கிறப்போ சங்கம் எதுக்கும்பான். விழுந்த பிறகு சேர்ந்து என்ன செய்ய?" என்றார்.

கார்த்திகையில் வருகிறேன், ஊரில் பத்துப் பேரைக் கூட்டி வையுங்கள் என்றேன்.

"எதிர்த் தோட்டத்துக்காரரோட வரப்புத் தகராறு இன்னும் முடியலை. சரி, அவரையும் சேர்த்தே கூப்பிடுறேன்."