பாதித் தண்ணீர்

சென்ற மாதம் என் கொழுந்தன் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறான். வந்த மூன்றாம் நாளே காரிலிருந்து பையெஸ்டவா மலையைப் பார்த்துவிட்டு, "அண்ணி, நீங்கள் சனிக்கிழமைதோறும் ஏறுவதாகச் சொல்லும் மலை இவ்வளவுதானா?" என்று கேட்டான். அவன் மீது குற்றமில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்துக்கு நடுவே, நெடுஞ்சாலைக்கு ஒட்டினாற்போல நிற்கும் மலை அது. உயரம் 2,600 அடிக்குச் சற்றே மேல். உச்சிக்குப் போகும் பாதை 1.2 மைல், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கடைத்தெருவுக்குப் போய்வரும் தூரம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் சுமார் 1,200 அடி ஏற வேண்டும். பாதையின் பாறை தகடு தகடாக இருக்கும். அந்தத் தகடுகள் படுத்துக் கிடப்பதில்லை, அலமாரியில் அடுக்கிய புத்தகங்களைப் போல செங்குத்தாக நிற்கும். அவற்றின் விளிம்பில்தான் கால் வைக்க வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் மிதித்து மிதித்து, சில படிகள் பளபளவென்று எண்ணெய் தேய்த்தது போலாகிவிட்டன. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. சாண்ட்லரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து விடியற்காலை நாலேகாலுக்குக் கிளம்பினோம். ஐந்து மணிக்கு வாயில் திறக்கும்போதே கார்கள் வரிசை கட்டியிருந்தன. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவன் பையில் இருந்தது ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றுதான். "போதும் அண்ணி, ஒரு மணி நேர வேலைதானே" என்றான். வாசலில் வைத்து வாக்குவாதம் செய்ய மனம் வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: தண்ணீர் பாதி தீர்ந்தால் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். தலையாட்டினான்.

மலையின் பெயர்க்காரணத்தை ஏறும் வழியில் சொன்னேன். முன்பு இதற்கு இருந்த பெயரில் பழங்குடிப் பெண்களை இழிவாகச் சுட்டும் ஒரு சொல் இருந்தது. 2003 மார்ச்சில் ஈராக் போரில் லோரி பையெஸ்டவா என்ற ஹோப்பி பழங்குடியைச் சேர்ந்த ராணுவ வீராங்கனை உயிரிழந்தார். அரிசோனாவின் டூபா சிட்டியில் வளர்ந்தவர், இரண்டு குழந்தைகளின் தாய், வயது 23. அந்த ஆண்டே மாநிலம் மலைக்கு அவர் பெயரைச் சூட்டியது. மத்திய அரசின் ஒப்புதல் 2008இல்தான் கிடைத்தது. பழைய பெயரை இன்னும் சொல்பவர்கள் உண்டு. என் காதில் விழுந்தால் நின்று திருத்திவிட்டுத்தான் நகர்வேன்.

பாதி வழியில் சகுவாரோ கள்ளிகளின் உச்சியில் பழம் வெடித்துச் சிவந்திருந்தது. புறாக்கள் தலையை உள்ளே விட்டுத் தின்றுவிட்டு, முகமெல்லாம் சிவப்புச் சாறோடு நிமிர்ந்தன. ஒரு கள்ளிக்கு முதல் கை, அதாவது பக்கக் கிளை, முளைக்கவே பெரும்பாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்றதும், கொழுந்தன் ஐந்து கைகளோடு நின்ற ஒன்றைத் தொடாமல் சுற்றிவந்து பார்த்தான்.

முக்கால் வழிக்கு மேல் போயிருப்போம். வெயில் பாறையில் இறங்கிவிட்டது. அவன் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதிக்கும் கீழே. உச்சியில் நின்றவர்களின் தொப்பி நிறம்கூடத் தெரிந்தது.

"இன்னும் பத்து நிமிடம் அண்ணி."

"திரும்பு தம்பி."

என் பையில் தண்ணீர் இருந்தது. கொடுத்து ஏற்றியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் என் தண்ணீரும் பாதிக்குக் கீழே போயிருக்கும். அவன் முகம் வாடிவிட்டது. பேசாமல் இறங்கினான். அந்த மௌனத்தில்தான் என் முதல் கோடையை அவனுக்குச் சொன்னேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், இதே ஜூனில், காலை எட்டு மணிக்கு அரை லிட்டர் பாட்டிலோடு தனியாக ஏறினேன். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வறண்ட காற்றில் வியர்வை சொட்டாது, வந்த கணமே உலர்ந்துவிடும். கையைத் தடவினால் உப்பு நறநறக்கும். உச்சியிலேயே தண்ணீர் தீர்ந்தது. இறங்கும் வழியில், கொளுத்தும் வெயிலில், எனக்குக் குளிரெடுத்தது. ஒரு பாறையின் நிழல் முழங்கால் அகலமே இருந்தது, அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்தேன். கீழே நெடுஞ்சாலையில் கார்கள் ஓடும் ஓசை நன்றாகக் கேட்டது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

நரைத்த தலையோடு ஒரு அம்மையார் இறங்கி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் துப்பட்டாவை எடுத்துத் தம் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றினார். உப்பு பிஸ்கட் கொடுத்து, ஒவ்வொரு வாயாகக் குடிக்க வைத்தார். அரை மணி நேரம் கழித்துக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தார். காரை எடுப்பதற்கு முன் அவர் சொன்னதுதான் அந்தப் பாதித் தண்ணீர்க் கணக்கு. பெயரைக் கேட்காமல் விட்டதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

2021 முதல், கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் இந்தப் பாதையையும் பக்கத்துக் கேமல்பேக் மலைப் பாதைகளையும் பகலில் நகராட்சி மூடிவிடுகிறது. மூடக் கூடாது என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கிவர தீயணைப்பு வீரர்களும் அதே வெயிலில் அதே பாறையில் ஏற வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை (சுமார் 43 டிகிரி செல்சியஸ்) எட்டிய ஊர் இது.

இறங்கி முடிக்கும் நேரத்தில் கொழுந்தன் "ஆ" என்றான். பாதையோரச் சோய்யா கள்ளியின் ஒரு கணு கழன்று கெண்டைக்காலில் ஒட்டியிருந்தது. பார்க்கப் பஞ்சு உருண்டை போலிருக்கும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத எதிர்க் கொக்கிகள் உண்டு, கையால் பிடுங்கப் போனால் விரலிலும் ஏறிவிடும். பையிலிருந்து அகலப் பல் சீப்பை எடுத்து, உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, ஒரே வெட்டில் நெம்பித் தள்ளினேன். மிச்சமிருந்த ஏழெட்டு முள்ளைக் காரில் உட்கார்ந்து இடுக்கியால் எடுத்தோம். கடைசி முள் வெளியே வந்ததும் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தான். ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

அடுத்த வெள்ளி இரவு ஐஸ் எடுக்கக் குளிர்பெட்டியின் மேல் கதவைத் திறந்தேன். இரண்டு பெரிய பாட்டில்கள் உறைந்துகொண்டிருந்தன. சமையல் மேடையில் அவன் பை தயாராக இருந்தது, பக்கவாட்டுப் பையில் புதிதாக வாங்கிய ஒரு சீப்பு.