பேசிக் எவ்வளவு?

போன வாரம் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு ஆஃபர் லெட்டரை அனுப்பி, "மாமா, துபாய்ல வேலை, மாசம் 5,000 திர்ஹம். வரலாமா?" என்று கேட்டிருந்தான். அதற்குள் அக்கா லால்குடியில் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள். நான் வாழ்த்துகூடச் சொல்லாமல், "பேசிக், அதான் அடிப்படைச் சம்பளம், எவ்வளவுடா?" என்றுதான் கேட்டேன்.

2,000 திர்ஹமாம். மீதியெல்லாம் வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, இதரப் படி. மாசாமாசம் கைக்கு வருவது 5,000தான், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. வேலையை விட்டு வரும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது மொத்தமாகக் கொடுக்கும் பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, பேசிக்கை மட்டும் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அப்புறம் வருஷத்துக்கு 30 நாள். பத்து வருஷம் உழைத்தால் மொத்தம் 255 நாள், அதாவது எட்டரை மாசச் சம்பளம். பேசிக் 2,000 என்றால் 17,000 திர்ஹம். அதே 5,000க்குள் பேசிக்கை 3,500 ஆக்கினால் 29,750. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால் சில நேரம் மாற்றிக் கொடுப்பார்கள். போட்டபிறகு யாரும் மாற்றமாட்டார்கள். 2013இல் நான் வந்தபோது இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

நல்லதையும் சொன்னேன். சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு என் மனைவி தனியாக நடந்துபோய்ப் பால் வாங்கி வருவாள், நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது, 1997இலிருந்து ஒரு டாலர் 3.6725 திர்ஹம்தான். அதனால் ரூபாய் விழுந்தால் இங்கே ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடைகளில் கூட்டம் கூடிவிடும். நான் வந்த புதிதில் ஒரு திர்ஹம் 15 ரூபாய் சுமார், இப்போது 22ஐத் தாண்டிவிட்டது. ஊர்ப் பணம் மதிப்பு இழக்கும்போது சந்தோஷப்படுகிறோமே என்று ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கடன் தவணை கட்ட ஆரம்பித்ததும் கூச்சம் போய்விட்டது.

வெயிலைப் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். குளியலறையைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மொட்டைமாடித் தொட்டி நாளெல்லாம் காய்வதால் ஆகஸ்டில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொசுங்கும். அதற்கு ஒரு வழி உண்டு. ஹீட்டரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். ஹீட்டருக்குள் இருக்கும் தண்ணீர் ஏசி வீட்டுக்குள்ளேயே கிடந்து ஆறியிருக்கும். அதில் ஒரு ஆள் குளிக்கலாம், இரண்டாவது ஆளுக்கு மறுபடி கொதிநீர்தான். எங்கள் வீட்டில் கோடைக்காலச் சண்டை பாதி இதனால்தான்.

நாங்கள் இருப்பது ஷார்ஜா அல் நஹ்தா. ஆபீஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், துபாய் குசைஸில். கொஞ்சதூரம்தான், ஆனால் காலையில் அதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். 2022இல் வாராந்திர விடுமுறையை மாற்றினார்கள். ஷார்ஜாவில் பையனின் பள்ளிக்கு வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. எனக்கு ஞாயிறு மட்டும். வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது அவன் போர்வைக்குள்ளிருந்து டாட்டா காட்டுவான்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது விசா. 2016இல் நான் இருந்த கம்பெனி படுத்துவிட்டது. இரண்டு மாசச் சம்பளம் பாக்கி. விசா ரத்தானால் அப்போது 30 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மனைவி விசாவும் பையன் விசாவும் என் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தன. பையன் அப்போது கேஜி, அடுத்த டெர்ம் பீஸ் கட்டவா வேண்டாமா என்று தெரியவில்லை. வீட்டு ஓனரிடம் பின்தேதியிட்ட இரண்டு செக். கட்டிலுக்கு அடியிலிருந்த சூட்கேஸை மனைவி ஒன்றும் சொல்லாமல் இழுத்து வெளியே வைத்தாள். 24வது நாள் இந்த வேலை கிடைத்தது. சூட்கேஸ் மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது, அலமாரி மேலே போகவே இல்லை. இப்போது பலருக்கு 60 நாளோ அதற்கு மேலோ அவகாசம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் அன்றிலிருந்து நான் இங்கே பெரிய சோபா வாங்கியதில்லை.

இந்தக் கதையைக் கேட்டு அக்கா மகன் பயந்துவிடுவான் என்று நினைத்தேன். "சரி மாமா, விசாவுக்கு ஏஜென்ட் எழுபதாயிரம் கேக்கறாரு, குடுக்கலாமா?" என்றான். அந்தச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது, பைசா கொடுக்காதே என்றேன். விசிட் விசாவில் வா, வேலையில் சேர்ந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடு என்றும் சொன்னேன்.

நேற்று மறுபடி மெசேஜ். பேசிக்கை 3,000 ஆக்கிவிட்டார்களாம், ஏஜென்ட் இப்போது போனையே எடுப்பதில்லையாம். அடுத்த மாசம் திருச்சியிலிருந்து நேராக ஷார்ஜாவுக்கு வருகிறான். ரோலா பக்கம் அவனுக்கு ஒரு பெட் ஸ்பேஸ் பார்த்து வைத்திருக்கிறேன், ஒரு அறையில் ஆறு பேர். மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா என்று கேட்டதற்கு, கீழேதான் வேண்டும் என்கிறான். கீழே என்றால் மாசம் 100 திர்ஹம் கூட ஆகும்.